பிள்ளை மாதிரி வளர்ந்தவள்

ஒஸ்லோவில் யாராவது கொக்குவில் பக்கத்தில் சம்பந்தம் பேசினால் கடைசியில் என் தொலைபேசிதான் அடிக்கும். மாப்பிள்ளையின் தகப்பன் குடிப்பவரா, பெண்ணின் தாய் வாய்க்காரியா, வீடு எந்த ஒழுங்கையில், அவர்கள் யாருடைய பகுதி, யாருக்குச் சொந்தம் என்றெல்லாம் கேட்பார்கள். முப்பத்தைந்து வருடமாக இந்த விசாரிப்பு வேலையைப் பார்த்து வருகிறேன். பெருமைக்காகத்தான் பார்க்கிறேன் என்று என் மகன் சொல்வான். இருக்கட்டுமே. பாலர் பள்ளியில் அடுத்தவர் பிள்ளைகளுக்கு மூக்குச் சிந்திவிட்டு ஓய்வு பெற்றவளுக்கு இதைவிட வேறென்ன பெருமை வந்துவிடப் போகிறது?

போன பங்குனியில் ஒருநாள் நகரின் தென்பக்கம் பியோர்ண்டாலிலிருந்து தங்கேஸ்வரி தொலைபேசி எடுத்தாள். அவளுடைய மகன் கீர்த்திகன், நிசாந்தினி என்ற பிள்ளையை விரும்பியிருக்கிறான். பெண் கண் வைத்தியசாலையில் வேலை செய்கிறாள். பெற்றோர் அதே பக்கத்தில் ஹவுகெட்டோவில் இருக்கிறார்கள். தகப்பன் யோகநாதன் மட்டக்களப்பு, தாய் கொக்குவில்.

"தகப்பன்ர பக்கத்தை விசாரிச்சிட்டன், அக்கா. நல்ல ஆக்களாம். தாயைத்தான் ஒருத்தருக்கும் தெரியேல்லை. ஆனால் அவவுக்கு உங்களைத் தெரியுமாம். உங்கட வீட்டிலைதான் வளந்தவவாம்."

"எங்கட வீட்டிலையோ? பேர் என்ன?"

"பூரணி."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எங்கட வீட்டிலை வளந்த பூரணி நான் ஒருத்திதான்."

"அதைத்தான் நானும் கேட்டனான். உங்கட வீட்டிலை தன்னை மணி எண்டு கூப்பிடுறவையாம்."

நின்றுகொண்டிருந்தவள் கதிரையில் இருந்துவிட்டேன். நாற்பது வருடத்துக்குப் பிறகு அந்தப் பெயரைக் கேட்கிறேன். சந்தோசத்தில் வாய் தன்பாட்டில் ஓடியது.

"ஐயோ, மணியோ! அவள் ஒஸ்லோவிலையோ இருக்கிறாள்? எங்கட வீட்டிலை பிள்ளை மாதிரி வளந்தவள், தங்கேஸ்வரி! என்னோட ஒண்டாய் ஓடித் திரிஞ்சவள். தங்கமான பிள்ளை. ஒரு குறை சொல்ல ஏலாது."

"பிள்ளை மாதிரியோ?" என்றாள் தங்கேஸ்வரி. "சரி அக்கா. நான் பிறகு எடுக்கிறன்."

தொலைபேசியை வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. பெற்ற பிள்ளையைப் பற்றி எங்கள் ஆட்கள் யாரும் 'பிள்ளை மாதிரி' என்று சொல்வதில்லை. தாயை இழந்து வந்து நிற்கும் சொந்தக்காரப் பிள்ளையைக்கூட 'எங்கட பிள்ளை' என்றுதான் சொல்வோம். 'மாதிரி' என்பது வீட்டில் வேலைக்கு நின்ற பிள்ளைக்கென்றே நாங்கள் வைத்திருக்கும் சொல். எங்கள் வயதில் அதைக் கேட்டு விளங்காதவர் ஒருவரும் இல்லை. நல்லது சொல்கிறேன் என்று நினைத்து, முகம் தெரியாத ஒரு பெண்ணின் கலியாணத்தில் மண்ணை அள்ளிப் போட்டுவிட்டேன்.

இந்தக் கதையில் இனிமேல் பூரணி என்றால் அவள்தான். நான் வெறும் நான்.

எழுபத்து மூன்றாம் ஆண்டு மலையகத் தோட்டங்களில் பஞ்சம். நாவலப்பிட்டியில் ஸ்டேசன் மாஸ்டராக இருந்த எங்கள் ஐயா விடுமுறைக்கு வந்தபோது ரயிலில் ஒரு பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்தார். அவளுக்கு எட்டு வயது, எனக்குப் பத்து. தலைமயிரை ஒட்ட வெட்டியிருந்தார்கள். கையில் ஒரு கடதாசிப் பை. பெயர் என்ன என்று அம்மா கேட்க, பூரணி என்றாள். அம்மா சிரித்துவிட்டு, "ஒரு வீட்டுக்குள்ளை ரெண்டு பூரணி சரிவராது" என்று அன்றைக்கே அவளை மணி ஆக்கிவிட்டார். என்னுடைய பெயர் எனக்கே இருந்துவிட்டதில் எனக்குச் சந்தோசமும் புளுகமும்.

அந்தப் பதினொரு வருடங்களை நினைத்தால் இப்போதும் நெஞ்சு இளகிப்போகும். மாரி மழையில் ஒரே சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு இரண்டு பேரும் கோழிக்கூடு சாத்த ஓடுவோம். மாங்காயைக் கதவிடுக்கில் வைத்து நெரித்து, உப்பும் தூளும் தொட்டுத் தின்போம். வானொலியில் பாட்டுப் போனால் குசினிக்குள் இருந்தபடியே ஒரு வரி பிசகாமல் பாடுவாள். நான் விறாந்தையில் சத்தம்போட்டுப் பாடம் படிப்பேன். அவள் உள்ளே தேங்காய் துருவிக்கொண்டே அதைக் கேட்டுப் பாடமாக்கி, நான் தடக்குப்படும் இடத்தில் அடுத்த வரியை எடுத்துக்கொடுப்பாள். பள்ளிக்கூடம் போனவள் நான். இடுப்புவரை கிடந்த என் தலைமயிரை ஒவ்வொரு காலையும் அவள்தான் சிக்கெடுத்துப் பின்னிவிடுவாள். இன்றைக்கும் யாராவது பின்னால் நின்று என் தலையைத் தொட்டால் அவளுடைய கை என்றுதான் முதலில் நினைப்பேன்.

எண்பத்து நான்கில் எனக்குக் கலியாணம் சரிவந்தது. மாப்பிள்ளை வீடு சண்டிலிப்பாயில். நகை, காணி, தளபாடம் என்று பேசி முடித்த கையோடு, "மணியும் இவளோட போகட்டும், புது இடத்திலை கைக்கு உதவியாய் இருக்கும்" என்றார் அம்மா. அப்படி அனுப்புவது எங்கள் பக்கத்தில் வழமைதான். எல்லாருக்கும் சம்மதம். அவளை ஒருவரும் கேட்கவில்லை. கலியாணத்துக்கு ஒரு கிழமை இருக்க, மீன் வாங்கப் பையை எடுத்துக்கொண்டு போனவள் திரும்பி வரவேயில்லை.

நன்றி கெட்டவள் என்று அம்மா நாள் முழுக்கத் திட்டினார். "ஒரு குறையும் வைக்கேல்லை. ஏன் போனவள் எண்டே விளங்கேல்லை" என்று ஐயா கண்டவர் நின்றவருக்கெல்லாம் சொன்னார். மணவறையில் நான் விக்கி விக்கி அழுதேன். தாய் தகப்பனைப் பிரிகிற துக்கம் என்று எல்லாரும் என்னைத் தேற்றினார்கள். உண்மையைச் சொன்னால், இனி எனக்குத் தலை பின்ன ஆளில்லை என்றுதான் அழுதேன்.

அந்தத் தொலைபேசிப் பேச்சுக்குப் பிறகு தங்கேஸ்வரி நாலு நாளாக எடுக்கவில்லை. நான் எடுத்தாலும் வேலை என்று வைத்துவிட்டாள். ஐந்தாம் நாள் எனக்குப் பொறுக்கவில்லை. இந்த நாட்டில் ஒருவரின் பெயரைக் கணினியில் தட்டினால் முகவரி வந்துவிடும். ஒரு டப்பா பயத்தம் பணியாரத்தோடு ரயில் ஏறி ஹவுகெட்டோவில் இறங்கினேன். பனி கரைந்து, வழுக்காமலிருக்க மாரியில் கொட்டிய சரளைக்கல் பாதையெல்லாம் கிடந்தது. அதில் சறுக்கி விழாமல் போய்ச் சேர்ந்து அழைப்பு மணியை அழுத்தினேன்.

கதவைத் திறந்தவளுக்குக் கட்டையாக வெட்டிய நரைமயிர், கண்ணாடி. முகத்தில் அந்தச் சின்னப் பிள்ளையைத் தேடினேன். கண்ணில் இருந்தது.

"வாங்கோ அக்கா," என்றாள். "வருவீங்கள் எண்டு தெரியும்."

கட்டிப் பிடித்தேன். அவள் விலகவும் இல்லை, திருப்பிக் கட்டிப் பிடிக்கவும் இல்லை. பஸ் ஓட்டும் யோகநாதன் வேலைக்குப் போயிருந்தார். நிசாந்தினியும் இல்லை. தேத்தண்ணீர் போட்டுக்கொண்டுவந்து எனக்கு எதிரே இருந்தாள். அவள் என் முன்னால் கதிரையில் இருந்து நான் பார்த்ததேயில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"எங்கையடி போனனீ?" என்று கேட்டேன்.

"கிளிநொச்சிக்கு. எங்கட தோட்டத்து ஆக்கள் கொஞ்சப் பேர் அங்கை குடியேறி இருக்கினம் எண்டு சந்தையிலை ஒரு மனுசி சொன்னவ. மீன் பையோடயே பஸ் ஏறினனான்."

அங்கிருந்து மன்னார். மன்னாரிலிருந்து வள்ளத்தில் இராமேஸ்வரம், மண்டபம் அகதி முகாம். முகாம் வாசலில் பெயர் கேட்ட எழுத்தரிடம் பூரணி என்று சொன்னாளாம். பதினொரு வருடத்துக்குப் பிறகு தன் வாயால் அந்தப் பெயரைச் சொன்னது அன்றைக்குத்தானாம். யோகநாதனைச் சந்தித்தது அங்கேதான். அவர் முதலில் நோர்வேக்கு வந்து, தொண்ணூறில் அவளைக் கூப்பிட்டார். வடக்கே வார்டோ தீவில் இரண்டு பேருக்கும் மீன் தொழிற்சாலையில் வேலை.

வார்டோவைப் பற்றிச் சொல்லும்போது அவளுடைய முகமே மாறிவிட்டது. "அந்தக் காத்து இருக்கே அக்கா, ஆளைத் தூக்கும். ஆறு தமிழ்ப் பொம்பிளையள் ஒரே வரிசையிலை நிண்டு மீன் வெட்டுவம். கை விறைக்க விறைக்கப் பாட்டுத்தான். நான் ஒரு பாட்டுத் துவங்கினால் மற்றவை பிடிப்பினம். நோர்வேக்காரக் கிழவன் ஒராள், மேற்பார்வைக்காரன், ஒரு சொல்லும் விளங்காமல் தாளம் போடுவான். என்ர பேருக்கு வந்த முதல் சம்பளம் அங்கைதான். அந்தக் காலம் இனி வராது."

எனக்குப் பொறாமையாக இருந்தது. கொக்குவில் வீட்டைப் பற்றியும் அவள் இப்படி ஒரு வார்த்தை சொல்ல மாட்டாளா என்று காத்திருந்தேன். மாங்காயையும் மழையையும் நானே நினைவூட்டினேன். "ஓம், மாங்காய் நல்ல மாங்காய்," என்று சிரித்தாள். "மழையும் நல்ல மழை. எனக்கும் நினைவு வாறதுதான். அதுதானே கரைச்சல், மறக்கவும் ஏலாது."

தொண்ணூற்றாறில் ஒஸ்லோவுக்கு வந்திருக்கிறார்கள். நகர நடுவில் குறொன்லாண்ட் மரக்கறிக் கடையில் முருங்கையிலையைக் கண்டு அவள் கத்திய கத்தலில் கடைக்காரர் வெளியே ஓடிவந்தாராம். பாடசாலைகளில் துப்பரவு வேலை செய்து, நாற்பது வயதில் முதியோர் இல்லத் தாதி வேலைக்குப் படிக்கப் போனாள். அந்தப் படிப்பில் ஏதாவது ஒரு புத்தகத்தைப் பற்றி எல்லார் முன்னாலும் நின்று பத்து நிமிடம் பேச வேண்டும் என்று ஒரு பாடம். நூலகத்தில் ஆற்றங்கரையில் நிற்கும் பெரிய வெள்ளை வீடு ஒன்றின் படம் போட்ட புத்தகத்தை எடுத்திருக்கிறாள். வடிவான வீடு, படங்கள் கூட இருக்கும், லேசாக முடித்துவிடலாம் என்று எண்ணம். அது அமெரிக்காவின் முதல் சனாதிபதி வாஷிங்டனின் வீடு. உள்ளே இருந்தது அந்த வீட்டு அடிமைகளின் கதை.

"அதிலை ஓனா எண்டு ஒரு பிள்ளை வருது அக்கா. சனாதிபதியின்ர மனுசிக்குத் தலை சீவுறது, உடுப்புத் தைக்கிறது எல்லாம் அவள்தான். மனுசி தன்ர பேத்திக்குக் கலியாணம் முடிஞ்ச கையோட ஓனாவை அவளுக்குப் பரிசாய்க் குடுக்க நினைச்சவ. ஓனாவுக்கு அது தெரியவந்திட்டுது. எல்லாரும் சாப்பாட்டு மேசையிலை இருக்கேக்கை வெளியிலை இறங்கி, கப்பல் ஏறிப் போட்டாள்."

நான் தேத்தண்ணீர்க் கோப்பையை வைத்தேன்.

அவள் விடவில்லை. அந்தச் சனாதிபதிமார் வீட்டு விசயங்களை ஏதோ பக்கத்து ஒழுங்கைக் குடும்பங்களின் கதை போலச் சொல்லிக்கொண்டு போனாள். "சனாதிபதி இருந்த நகரத்திலை ஒரு சட்டம். ஆறு மாதம் தொடர்ந்து அங்கை வைச்சிருந்தால் அடிமை விடுதலை கேக்கலாம். இவை ஆறு மாதம் முடியமுதல் ஆக்களை ஊருக்கு அனுப்பிப்போட்டுத் திரும்ப எடுப்பினம். எப்பிடி மூளை? கடைசியிலை அவர் தன்ர ஆக்களை விடச்சொல்லி உயில் எழுதினவர். ஆனால் மனுசியோட வந்த ஆக்களைத் தொட ஏலாது. அவையள் மனுசியின்ர முதல் புருசன்ர முதுசம். அவர்ர ஆளைக் கட்டின பொம்பிளை மனுசியோட வந்தவவாய் இருந்தால், புருசனுக்கு விடுதலை, பெண்சாதிக்கும் பிள்ளையளுக்கும் இல்லை. மூண்டாவது சனாதிபதி வீடு இன்னும் மோசம். மனுசியின்ர தகப்பனுக்கு அடிமைப் பொம்பிளையிட்டைப் பிறந்தவ, மனுசிக்குத் தங்கச்சி, முதுசத்தோட சேர்ந்து அந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தவ. மனுசி செத்தாப் பிறகு அவருக்கு அவவிட்டைப் பிறந்த பிள்ளையளும் அடிமையள்தான். எல்லாரும் சமம் எண்டு எழுதினவர் அவர்தான்."

பரம்பரைச் சொத்தை முதுசம் என்று சொல்வதை அவள் எங்கள் வீட்டில்தான் கேட்டுப் பழகியிருப்பாள். எனக்குக் கோபம் வந்தது. எனக்குக் கோபம் வந்தால் நிதானம் இருக்காது.

"நாங்கள் என்ன அமெரிக்கச் சனாதிபதியோ? உன்னை ஆர் அடிச்சது? ஆர் சங்கிலி போட்டது? பிள்ளை மாதிரித்தானே வைச்சிருந்தம்!"

அவள் எழுந்து போய் அலுமாரியிலிருந்து ஒரு கடதாசிக் கட்டை எடுத்து வந்தாள். அன்றைக்கு வகுப்பில் பேசுவதற்கு எழுதிய தாள்கள். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு நோர்வேஜிய மொழியில் இருந்ததைத் தமிழில் சொன்னாள்.

"ஓனா ஓடினாப் பிறகு சனாதிபதி தன்ர மந்திரி ஒராளுக்குக் கடிதம் எழுதினவர். அவள் நன்றி கெட்டவளாம். வேலைக்காரியாய் இல்லாமல் பிள்ளை மாதிரி வளத்து நடத்தினவையாம். பேப்பரிலையும் விளம்பரம் போட்டவை. அவள் போறதுக்கு ஒரு காரணமும் இல்லையாம்."

அம்மா சொன்னது, ஐயா சொன்னது, நான் சொன்னது எல்லாம் அந்தத் தாளில் இருந்தன. இருநூற்றுச் சொச்சம் வருடங்களுக்கு முன்னால், எங்களைக் கண்டே இராத ஒருவர் எங்கள் வீட்டு வார்த்தைகளை எழுதி வைத்திருந்தார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அறுபத்திரண்டு வயதில் அப்படி ஒரு வெட்கம் வந்தால் முகத்தைக் கொண்டுபோய் வைக்க இடமில்லை.

பணியார டப்பாவை அவள் பக்கம் தள்ளிவிட்டு, "தங்கேஸ்வரி ஏதும் சொன்னவவோ?" என்று கேட்டேன்.

"யோசிச்சுச் சொல்லுறமாம். கீர்த்திகன் தாயோட சண்டை பிடிச்சுக்கொண்டு நிக்கிறான். அந்தத் தாயின்ர மனம் கோணக் கட்டமாட்டன் எண்டு நிசா சொல்லுறாள். சாப்பிடுறாளில்லை."

"நான் இப்பவே எடுத்துச் சொல்லுறன். நீ என்ர சின்னம்மாவின்ர மகள், தாய் செத்தபடியால் எங்களோட வளந்தனீ எண்டு சொல்லுறன். என்ர சொல்லை நம்புவினம். ஆர் போய்ப் பாக்கப் போறது? சின்னம்மாவும் இல்லை, ஊரிலை ஒருத்தரும் இல்லை."

"வேண்டாம் அக்கா. ஒருக்கா உங்களுக்குத் தங்கச்சி மாதிரி இருந்து பாத்திட்டன். நடந்ததைச் சொல்லுங்கோ."

"அப்ப நீயே முதலிலை சொல்லியிருக்கலாமே!"

"உங்கட வீட்டிலை வளந்தனான் எண்டு சொன்னனான். அது பொய்யில்லை. மிச்சத்தை நான் சொன்னால் என்ர கதை எண்டு விட்டிடுவினம். நீங்கள் சொன்னால்தான் நடந்தது எண்டு வரும். நிசாவுக்குப் பன்ரண்டு வயதிலையே எல்லாம் சொல்லிப்போட்டன். அவளும் நீங்களே சொல்லலாமே எண்டுதான் கேட்டவள்."

தொலைபேசியை மேசையில் வைத்து, இரண்டு பேருக்கும் கேட்கும்படி ஒலியைக் கூட்டி, தங்கேஸ்வரிக்கு எடுத்தேன். எத்தனையோ குடும்பங்களைப் பற்றி இந்த வாயால் சொல்லியிருக்கிறேன். என் குடும்பத்தைப் பற்றிச் சொல்ல நாக்கு எழும்பவில்லை.

"தங்கேஸ்வரி, அண்டைக்கு நான் பிழையாய்ச் சொல்லிப்போட்டன். பூரணி எங்கட வீட்டிலை பிள்ளை மாதிரி வளரேல்லை. எட்டு வயதிலையிருந்து வேலைக்கு நிண்டவ. சம்பளம் குடுக்கேல்லை. பள்ளிக்கூடம் விடேல்லை. நான் கட்டிலிலை படுக்க அவ நிலத்திலை பாயிலை படுத்தவ. அவவின்ர பேரைக்கூட நாங்கள் எடுத்துப்போட்டம். என்ர சீதனத்தோட அவவையும் அனுப்ப இருந்தவை. அதுதான் ஓடினவ. ஓடினது சரி."

தங்கேஸ்வரி பெருமூச்சு விடுவது கேட்டது.

"ஏன் அக்கா இதெல்லாம்? நானும் மனசைத் தேற்றிக்கொண்டுதான் வந்தனான். அவையள் நல்லாய்ப் படிச்சு நல்லாய் இருக்கினம், பழையதை ஏன் கிளறுவான் எண்டு. எங்கட உரும்பிராய் வீட்டிலையும் ஒரு பிள்ளை நிண்டதுதானே. நாங்களும் நல்லாய்த்தான் வைச்சிருந்தம்."

"தங்கேஸ்வரி, நான் பூரணி கதைக்கிறன்," என்றாள் பூரணி.

தங்கேஸ்வரி திடுக்கிட்டது தெரிந்தது. "ஐயோ, நீங்களும் நிக்கிறீங்களோ? நான் பிழையாய் ஒண்டும்..."

"இல்லை, பிழையில்லை. உங்கட வீட்டிலை நிண்ட அந்தப் பிள்ளைக்கு என்ன பேர்?"

"பேரோ? சின்னப்பிள்ளை எண்டுதான் கூப்பிடுறனாங்கள்."

"அது நீங்கள் கூப்பிட்டது. அவவின்ர பேர்?"

"அது... தெரியேல்லை," என்றாள் தங்கேஸ்வரி. பூரணி குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள்: "தேடிப் பாருங்கோ. பேர் கிடைச்சால் எடுங்கோ. அதுக்குப் பிறகு கலியாணம் கதைப்பம்."

தொலைபேசியை நிறுத்திவிட்டாள். நான் கதிரையை விட்டு எழும்பிவிட்டேன். "உனக்கு விசரோ? அவ சம்மதிக்கத்தானே வந்தவ! பிள்ளையின்ர வாழ்க்கை!"

"பேர் தெரியாத பிள்ளை ஒண்டு நிண்ட வீட்டுக்கு என்ர பிள்ளையை எப்பிடி அக்கா அனுப்புறது?" என்று கேட்டாள். அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் இருந்தேன் என்று தெரியாது.

பிறகு நாலு நாள். எனக்குச் சோறு இறங்கவில்லை. தங்கேஸ்வரி ரொறொன்ரோவில் தமையனுக்கு எடுத்தாளாம், லண்டனில் தமக்கைக்கு எடுத்தாளாம் என்று பியோர்ண்டால் ஆட்கள் வழியாகக் காதில் விழுந்தது. அவர்களுக்கும் தெரியவில்லையாம். தமக்கை, "இதென்ன புது விசாரிப்பு?" என்று ஏசினாளாம். இது குழம்பிவிடும் என்றே முடிவு கட்டிவிட்டேன்.

புதன்கிழமை குறொன்லாண்ட் கடையில் மரக்கறி பொறுக்கிக்கொண்டு நிற்கும்போது தங்கேஸ்வரி எடுத்தாள். அழுதிருக்கிறாள்.

"பேர் கிடைச்சிட்டுது அக்கா. உரும்பிராயிலை பக்கத்து வீட்டு மனுசி ஒராள் இன்னும் உயிரோட இருக்கிறா. அவவுக்கு நினைவிருக்கு. அந்தப் பிள்ளையின்ர பேர்..."

"எனக்குச் சொல்லாதையுங்கோ," என்றேன். "பூரணிக்கு எடுத்துச் சொல்லுங்கோ."

கால் மணித்தியாலம் போனது. கடையை விட்டுப் போகவும் மனமில்லாமல், வாங்கத் தேவையில்லாத கத்தரிக்காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றேன். பூரணியிடமிருந்து செய்தி வந்தது.

"தெய்வானை. பதுளைப் பக்கம். ஆறு வருசம் நிண்டவவாம். அவையள் ஞாயிறு ரெண்டு மணிக்குப் பொம்பிளை கேட்டு வருகினம். நீங்களும் வாங்கோ."

கடைக்குள் நின்றபடியே அழுதேன். இத்தனை வருடத்தில் தெய்வானையைத் தேடி யாரோ தொலைபேசி எடுத்தது அதுதான் முதல் தடவை.